பன்றியும் பரணும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். காரமடைக்குப் பக்கத்தில் 40 சென்ட் நிலத்தில் காய்கறி போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அதனால் மூன்று வருடமாகத் தோட்டத்திலேயே குடியிருப்பு. தக்காளி, கத்தரி, வெண்டை, வேலியோரம் அவரை, கடைசி மூலையில் மரவள்ளி. போன மாதம் ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் வந்து மரவள்ளி மொத்தத்தையும் கிளறிப் போட்டுவிட்டது. அடுத்த வாரமே தக்காளி நாற்றை மயில்கள் கொத்தித் தீர்த்தன.

என் தாத்தா வேட்டைக்குப் போகிறவர். சின்ன வயதில் அவர் முயலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து அழுது, நான்கு நாள் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அதே நான் அன்று ராத்திரி டார்ச்சோடு நின்றபோது, கையில் துப்பாக்கி இருந்தால் சுட்டிருப்பேன். பக்கத்துத் தோட்டக்காரர், "அவுட்டுக்காய் வெச்சா ரெண்டே நாள்ல அடங்கிரும்" என்கிறார். சரி என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் ஜீவகாருண்யம் எல்லாம் கடையில் காய் வாங்கித் தின்ற காலத்துச் சொகுசுதானா, அக்கா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

முதலில் அவுட்டுக்காய். வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வைப்பது அது. பன்றிக்கு வைக்கிறோம் என்பது வைப்பவருக்குத்தான் தெரியும், கடிக்கிற வாய்க்குத் தெரியாது. மாடு கடிக்கும், நாய் கடிக்கும். உங்கள் பக்கம் யானை நடமாட்டமுள்ள இடம், யானையும் கடிக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று அப்படித்தான் வாய் சிதறி, ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே செத்தது. தாடை உடைந்த விலங்கு உடனே சாவதில்லை. தின்ன முடியாமல், குடிக்க முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிவேலிக்குக் கொடுப்பதும் இதே ரகம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. பொறியோ கம்பியோ வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வதை என்னால் வேட்டை என்று சொல்ல முடியாது. உங்கள் தாத்தாவும் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஜீவகாருண்யம் பொய்யில்லை. ஆனால் இதுவரை அதற்கு உங்கள் கையிலிருந்து எதுவும் செலவாகவில்லை. கடையில் வாங்கிய மரவள்ளிக்காக யாரோ ஒருவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்திருக்கிறார், அல்லது விழிக்காமல் நஷ்டப்பட்டிருக்கிறார். அந்தக் கணக்கு இப்போதுதான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. கோபம் வந்தது இயல்பு, அதற்காக வெட்கப்படாதீர்கள்.

எங்கள் ஊர் சிறுமலை அடிவாரம். என் அப்பத்தாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. கடலை பிடிக்கிற காலத்தில் அவர் வீட்டில் படுத்து நான் பார்த்ததே இல்லை. நாலு கால் நட்டு, மேலே பனையோலை வேய்ந்த பரண். ஒரு தகரடப்பா, ஒரு கவண், ஒரு நாய். பொழுது விடியும்வரை அந்தக் காட்டுக்கும் இந்தக் காட்டுக்குமாகக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். சுற்றி ஏழெட்டுப் பரண்கள் இருந்ததால் யாருக்கும் பயமில்லை. பன்றி வந்தால் முதலில் எந்தப் பரண் பார்த்ததோ அது கத்தும், மற்ற பரண்களில் தகரம் அதிரும். இன்றைக்கு அந்த அடிவாரத்தில் ஒரு பரண்கூட இல்லை. பிள்ளைகள் திண்டுக்கல்லுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். பாதி நிலம் தரிசு, அதில் சீமைக்கருவேலம். பகலில் பன்றி படுத்துத் தூங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், "அந்தக் காலத்தில் வேட்டையாடினார்கள், அதனால் பயிர் தப்பியது, சட்டம் வந்தது, கெட்டது" என்று பேசுகிறவர்களை நிறையக் கேட்கிறேன். அது பாதிதான் உண்மை. பயிரைக் காத்ததில் பெரும்பங்கு காவலுக்குத்தான். வள்ளி யார்? வேடர் குலத்துப் பெண். வில் பிடிக்கத் தெரிந்த வீட்டில் பிறந்தவள் தினைப்புனத்தில் என்ன செய்கிறாள்? பரண் மேல் நின்று கவண் சுற்றி ஆலோலம் பாடுகிறாள். சங்கப் பாடல்களில் கிளி ஓட்டுவதற்கென்றே தழல், தட்டை, குளிர் என்று தனித்தனிக் கருவிகள் வருகின்றன. நற்றிணையில் ஒரு பன்றி வருகிறது. முள்ளம்பன்றி முள்ளைப் போலப் பருத்த பிடரிமயிர், சின்னக் கண். புனத்துக்குள் நுழையப் போகும்போது பல்லி சொல்கிறது. கெட்ட சகுனம் என்று அது திரும்பிவிடுகிறது. அந்தப் பன்றியை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர்கள் அதோடு ராத்திரி விழித்திருந்தவர்கள்தான்.

வேட்டையும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. என் தாத்தாவின் பங்காளி ஒருவரிடம் மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பன்றி விழுந்தால் எந்த நிலத்தில் விழுந்ததோ அந்த நிலக்காரருக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு. சினைப்பட்ட பெட்டை என்று தெரிந்தால் கை வைக்க மாட்டார்கள். எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மலையடிவாரத்தில் முயலும் கௌதாரியும் அருகிப்போனதற்கு அவர்களும்தான் காரணம். அதனால்தான் 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது தேவையாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. இருளர்கள் பாம்புத்தோல் விற்றுப் பிழைத்தவர்கள், வயலில் எலி வளை தோண்டியவர்கள். ஒரு வயலின் எலியை அவர்களைப் போல ஒழிக்க இன்றுவரை எந்த மருந்தும் வரவில்லை. பாம்புத்தோல் பிழைப்பு போனது. நல்லவேளையாக 1978-ல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து நஞ்சை எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வேட்டைக்காரனின் அறிவை வீணாக்காமல் வேறு பக்கம் திருப்ப முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை. நரிக்குறவர்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. துப்பாக்கி பிடித்த கை பாசிமணி கோக்கப் போனது, அவ்வளவுதான். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 ஜனவரி ஆகிவிட்டது.

இப்போது பன்றி விஷயத்தில் என் நிலை இது: காட்டைவிட்டு வெகுதூரம் வந்து, தரிசில் தங்கி, அங்கேயே குட்டிபோட்டுப் பெருகிவிட்ட பன்றிகளைச் சுடுவதை நான் எதிர்க்கவில்லை. ஒரு ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டி. காட்டுக்குள் புலியும் செந்நாயும் அதைக் குறைக்கும், இங்கே குறைக்க எதுவும் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவு இதைத்தான் சொல்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதைத் தாண்டினால் சுடலாம். சுடுவதும் வனத்துறைதான், நாம் இல்லை. கேரளத்தில் 2022-ல் பன்றியைச் சுட உத்தரவு கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். இந்த முடிவுகளில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. கொல்வது ஒரு தனி ஆளின் ராத்திரிக் கோபமாக இல்லாமல், பகலில், ஊர் அறிய, பேசி முடிவெடுத்த காரியமாக ஆகிறது. உங்கள் தோட்டத்துக்கும் காட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் விசாரியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் அழைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அவர் விவசாயத்தை நம்பியே வாழ்கிறவர் என்றால் அவர் நஷ்டமும் உங்கள் நஷ்டமும் ஒன்றல்ல. மரவள்ளி போனாலும் உங்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். அதனால் அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

மயில் வேறு கதை. 1963-லிருந்து தேசியப் பறவை, வனவிலங்கு சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பது. விஷம் வைத்தால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் மயிலிடமிருந்து தப்பிக்க வழி இருக்கும்போது ஏன் கொல்ல வேண்டும்? அது இளங்குருத்தையும் முளைவிட்ட விதையையும்தான் அதிகம் தேடுகிறது, அதுவும் காலையிலும் சாயங்காலமும். நாற்றங்காலையும் நட்ட முதல் இருபது நாள் செடிகளையும் நைலான் வலையால் மூடிவிடுங்கள். தண்டு முற்றிய பிறகு சேதம் பாதியாகக் குறையும். பழுக்கும்போது தக்காளிக்கு மறுபடி வலை வேண்டும். பீர்க்கு, புடலை, பாகல் மாதிரிப் பந்தல் கொடிகளைக் கூட்டிக்கொண்டால் இன்னும் நிம்மதி.

பன்றிக்கு வேலி கீழே பலமாக இருக்க வேண்டும். அது தாண்டாது, மூக்கைக் கொடுத்து நெம்பும். கம்பிவலையை அரை அடி மண்ணுக்குள் புதையுங்கள். சூரியசக்தி வேலி போட்டால், விட்டுவிட்டு வரும் அதிர்வுதான், உயிரை எடுக்காது. தரையிலிருந்து ஒரு சாணில் ஒரு கம்பி, ஒரு முழத்தில் ஒரு கம்பி போதும். ஆனால் காப்புக்காட்டுக்குப் பக்கம் என்றால் 2023-ல் வந்த விதிகளின்படி முன்அனுமதி வாங்க வேண்டும், வாங்குங்கள். பழைய சேலை கட்டுவது, சலூனில் வெட்டிய முடியைத் தூவுவது எல்லாம் பத்துப் பதினைந்து நாளைக்குக் கேட்கும், அப்புறம் பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்தால் பலன் உண்டு. ஒரு நாட்டு நாய் வளர்க்கலாம். எங்கள் வீட்டில் அதுதான் பாதி வேலையைப் பார்க்கிறது.

மரவள்ளியை இந்த முறை கடைசி மூலையில் நடாதீர்கள். நீங்கள் படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேராக நடுங்கள், வெளிவிளக்கு எரியட்டும். கிழங்கு முற்றுகிற மாதம் மட்டும் பக்கத்துத் தோட்டக்காரரும் நீங்களும் முறை வைத்துக்கொண்டு விழித்திருக்க முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா