தடாகத்தில் தண்ணீர் நிற்கவில்லை. உத்தரவாதம் முடிந்துவிட்டது என்கிறார் ஒப்பந்தகாரர்

கேள்வி: கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குப் பக்கத்தில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வெளிநாட்டில் இருக்கும் அண்ணா அனுப்பிய காசில் 25 அடி நீளம், 12 அடி அகலத்தில் நீச்சல் தடாகம் ஒன்று கட்டுவித்தோம். கொழும்பு ஒப்பந்தகாரர். கொட்டேசனில் நானும் அவரும் கையெழுத்திட்டோம். "வடிவமைப்பும் கட்டுமானமும், ஒரு வருட உத்தரவாதம்" என்று அதில் இருக்கிறது. கையளித்து ஐந்தாம் மாதமே தண்ணீர் குறையத் தொடங்கியது. ஆள் அனுப்பி ரைல்ஸ் இடைவெளிகளைப் பூசினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. இப்போது நாளைக்கு ஒன்றரை அங்குலம் இறங்குகிறது. கையளித்து ஒன்றரை வருடமாகிவிட்டது. "வாரண்டி முடிஞ்சுது அக்கா, உங்கட மண் இறங்கினதுக்கு நாங்கள் என்ன செய்யிறது" என்கிறார். கடைசித் தவணையில் நான்கு இலட்சம் இன்னும் கொடுக்கவில்லை. தராவிட்டால் வழக்கு என்றும் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் நிலை அவர் சொல்வதைவிட நன்றாகவே இருக்கிறது.

குறை தெரிந்ததும் முறைப்பாடு செய்ததும் உத்தரவாதக் காலத்துக்குள். அவர் ஆள் அனுப்பியதே அதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். பூச்சு பலன் தரவில்லை என்றால் அந்தக் கடமை நிறைவேறவில்லை. அரைகுறையாக ஒட்டிவிட்டு, ஒரு வருடம் கழியும்வரை காத்திருந்து, "காலம் முடிந்தது" என்று சொல்ல எந்த நீதிமன்றமும் இடம் கொடுக்காது. அப்போது வந்த வட்ஸ்அப் செய்திகளைத் தேடி எடுங்கள். "சரி அக்கா, ஆளை அனுப்பிப் பூசித் தாறன்" என்ற ஒரு வரி இருந்தாலும் அது உங்களுக்குப் பெரிய சாட்சி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இப்படிப்பட்ட செய்திகளுக்கு அங்கீகாரம் தருகிறது. தொலைபேசியை மாற்றிவிடாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள்.

முறைப்பாடே செய்யாமல் ஒரு வருடம் போயிருந்தாலும் கதவு அடைபட்டிருக்காது. உத்தரவாதம் என்பது ஒப்பந்தகாரர் மேலதிகமாகத் தரும் வாக்கு. அதற்கு அப்பால், எடுத்த வேலையைத் தொழில் தெரிந்தவருக்குரிய கவனத்தோடு செய்து கொடுக்கும் பொறுப்பு நம் நாட்டின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தின்படி அவருக்கு இருக்கிறது. வழக்குக்கான காலக்கெடுவைச் சொல்வது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்: எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் ஆறு வருடம், வாய்மொழி என்றால் மூன்று வருடம். உங்களிடம் இருப்பது எழுத்து. தண்ணீர் குறைவதைக் கண்ட நாளிலிருந்து எண்ணாமல், தடாகம் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணுங்கள், அதுவே பாதுகாப்பு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிட மூன்று மாதம்தான், அது கடந்துவிட்டது. அதை விடுங்கள்.

அடுத்தது மண். வடிவமைப்பையும் அவரே ஏற்றிருக்கிறார். அப்படியென்றால் எந்த மண்ணில் கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டியவரும் அவரே. முருங்கன் பக்கத்துக் கருங்களி கோடையில் வெடிக்கும், மாரியில் ஊதும். வன்னியில் மண் இடத்துக்கு இடம் மாறும் என்பது இங்கு வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். மண்ணைச் சோதிக்காமல் கம்பி கட்டி கொங்கிறீற் போட்டவர், பிறகு மண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. வரைபடம் உங்களுடையதாக இருந்திருந்தால் இந்த வாதம் இவ்வளவு பலமாக நிற்காது.

எல்லாமே அவர் தலையில் விழாது என்பதையும் சொல்லவேண்டும். பம்ப், வடிகட்டி போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் தனி உத்தரவாதம் இருக்கும். குளோரின் அளவு பிழைத்துப் பூச்சு அரித்தால் அது பராமரிப்புக் குறை. தடாகத்தைக் காலியாக வைத்திருந்து வெடித்தாலும் அவர் கையை விரிக்கலாம். இதைத்தான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன்: என்ன வந்தாலும் இப்போது தண்ணீரை முழுவதும் இறைத்துவிடாதீர்கள். மாரி தொடங்கினால் நிலத்தடி நீர் மேலே வரும். காலித் தொட்டியை அது அடியிலிருந்து தள்ளும். தளம் மேலெழுந்து வெடிக்கலாம். அப்புறம் வெடிப்பு முதலில் வந்ததா, நீங்கள் இறைத்ததால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"வெயிலுக்கு ஆவியாகுது" என்றும் சொல்வார்கள். அதற்கு விடை ஒரு வாளி. வாளிக்குள் ஒரு கல்லை வைத்து, தடாகத் தண்ணீரையே நிரப்பி, இரண்டாம் படியில் தண்ணீரில் பாதி அமிழும்படி நிறுத்துங்கள். வாளிக்குள் நீர்மட்டத்திலும் தடாகச் சுவர் நீர்மட்டத்திலும் ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு பாருங்கள். ஆவியாதல் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கும். சோளகம் அடிக்கும் காலத்திலும் நம்மிடத்தில் அது கால் அங்குலத்தை ஒட்டியே இருக்கும், ஒன்றரை அங்குலமாகாது. ஒரு நாள் பம்ப் ஓட, மறுநாள் நிறுத்தி, இரண்டு தடவை செய்யுங்கள். ஓடும்போது அதிகம் இறங்கினால் தண்ணீரைத் திருப்பி அனுப்பும் குழாயில் சந்தேகம். தண்ணீர் ஒரு மட்டத்தோடு நின்றுவிட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: மேல்நீர் உறிஞ்சும் வாயா, விளக்குப் பொருத்திய குழியா. பிளாஸ்ரிக்கும் கொங்கிறீற்றும் சேரும் அந்த இடங்களில் ஒழுக்கு வருவது வழக்கம். தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் தடாகத்தில் ஒன்றரை அங்குலம் என்றால் நாளைக்கு ஆயிரம் லீற்றருக்கு மேல். கோடையில் பவுசர் பிடிப்பவருக்கு அது எவ்வளவு காசு என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள், நட்டஈட்டில் கேட்கலாம். விடுதிக்காகத்தான் தடாகம் என்று அவர் ஒப்பந்த நேரத்திலேயே அறிந்திருந்தால் கைவிட்டுப்போன முன்பதிவுகளையும் கேட்கலாம். ஆனால் அதை நிரூபிக்கக் கணக்குப் புத்தகம் வேண்டும்.

அவர்கள் செய்த பழைய திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரைத் தாங்குவது ரைல்ஸுக்கு அடியிலுள்ள கொங்கிறீற்றும் நீர்த்தடைப் பூச்சும். ரைல்ஸ் இடைவெளியைப் பூசியது காரணத்தைத் தேடாமல் செய்த வேலை. இதை ஒரு பட்டயப் பொறியியலாளர் எழுத்தில் தந்தால் வழக்கின் பாதி அங்கேயே நிற்கும். அவர் பார்வையிடும் நாளைப் பதிவுத் தபாலில் ஒப்பந்தகாரருக்கு அறிவித்து, வரச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு ரைல்ஸைக்கூடக் கிளப்ப வேண்டாம்.

நான்கு இலட்சத்தை இப்போது கொடுக்காதீர்கள். தன் பங்கைச் சரியாகச் செய்யாதவர் முழுக் காசையும் கேட்டால், குறைக்கு ஏற்ற அளவு நிறுத்திவைக்கலாம். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சும்மா இழுத்தடித்தால் பிழை உங்கள் பக்கம் வந்துவிடும். கொட்டேசனின் பின்பக்கத்தையும் படியுங்கள். "எந்த நட்டத்துக்கும் பொறுப்பல்ல" என்று இருந்தால் பதற வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின் கீழ் அதைக் கேள்விக்குட்படுத்தலாம்.

பொறியியலாளரின் அறிக்கை வந்ததும் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்: 21 நாளுக்குள் காரணம் கண்டு திருத்து, இல்லையேல் வேறொருவரைக் கொண்டு திருத்தி அந்தச் செலவை உன்னிடம் அறவிடுவோம் என்று. இப்படி ஒரு கடிதத்துக்குப் பிறகு பலர் வந்து திருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். வராவிட்டால், கோரும் தொகை சட்டம் வகுத்த எல்லைக்குள் இருந்தால் முதலில் மத்தியஸ்த சபை; இணக்கம் ஏற்படவில்லை என்ற அதன் சான்றிதழ் இல்லாமல் வழக்கை ஏற்கமாட்டார்கள். தொகை கூடினால் நேரே மாவட்ட நீதிமன்றம். ஒப்பந்தகாரர் கொழும்பில் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. வேலை நடந்ததும் குறை ஏற்பட்டதும் கிளிநொச்சியில், எனவே கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். காசு அண்ணாவுடையது என்றாலும் கையெழுத்து உங்களுடையது, வழக்காளி நீங்கள்தான். அண்ணா அனுப்பிய வங்கிச் சீட்டுகளை மட்டும் அவரிடமிருந்து வாங்கி வையுங்கள், சட்டத்தரணி முதலில் கேட்பது அவற்றைத்தான்.