பட்டறைக் கேள்விகள்: டிபிஎஃப்பைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: அண்ணா, என்னுடையது 2021 மாடல் டீசல் கார். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே கடைக்குப் போவேன், மொத்தமே ஐந்து கிலோமீட்டர்தான். இரண்டு மாதமாக டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியும் இழுக்க மாட்டேன் என்கிறது. டிபிஎஃப் அடைத்துவிட்டது, புதிது போட்டால் லட்சத்தைத் தாண்டும் என்கிறார் மெக்கானிக். அதைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றினால் 25 ஆயிரத்தில் முடியுமாம், விளக்கும் வராதாம். செய்யலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்த 25 ஆயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

டிபிஎஃப் என்பது டீசல் புகையில் வரும் கரித்தூளைப் பிடித்து வைக்கும் சல்லடை. கரி சேர்ந்ததும் வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, உள்ளே 600 டிகிரி வரை சூடேற்றி அதை எரித்துவிடும். அதற்கு வண்டி சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டரில் இன்ஜின் சூடாவதே பெரிது. எரிக்க ஆரம்பிப்பதற்குள் நீங்கள் வண்டியை ஆஃப் செய்துவிடுகிறீர்கள். இப்படிப் பாதியில் நின்றுபோனால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். இன்றைக்கே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், டீசல் வாடையும் அடித்தால், ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

போன மாதம் இதே புகாரோடு ஒரு கார் என்னிடம் வந்தது. வேறு இடத்தில் டிபிஎஃப்பையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரைப் போட்டேன். டிபிஎஃப்பில் அழுத்தம் இருப்பதாகக் காட்டியது. ஓடாத இன்ஜினில் அழுத்தம் எங்கிருந்து வரும்? டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு சின்ன ரப்பர் குழாய் போகும், அவை வந்து சேர்கிற சென்சார்தான் பழுது. அதை மாற்றிவிட்டு, ஸ்கேனர் மூலமாகவே கரியை எரிக்க வைத்தோம். சில ஆயிரத்தோடு முடிந்தது. உங்கள் வண்டியிலும் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி இழுக்காத நிலைக்கு வந்துவிட்டதால், ஹைவேயில் ஓட்டினால் மட்டும் சரியாகும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. அந்த விதிக்குப் பொருந்தும்படி வந்த வண்டியில் அனுமதியில்லாமல் இப்படி மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மெக்கானிக் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. காலையில் பள்ளி வாசலில் நிற்கிற சின்னப் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள், அவர்கள் முகம் சைலன்சருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! டிபிஎஃப் இல்லாத வண்டி அந்தக் கரியை அங்கேதான் கொட்டும். உங்கள் மகளும் அங்கேதான் இறங்குகிறாள்.

சரி, வண்டியைச் சரி செய்த பிறகு, வாரம் ஒரு நாள் பெருந்துறைப் பக்கம் நாலுவழிச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். வேகம் 60-க்கு மேல், ஆர்பிஎம் 2000-க்குக் குறையாமல் இருக்கட்டும். வீடு வந்து நிறுத்தும்போது ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) வழக்கத்தைவிட உயர்ந்து, ஃபேன் பலமாகச் சுற்றினால், உள்ளே கரி எரிந்துகொண்டிருக்கலாம். முடியும்வரை ஆஃப் செய்யாதீர்கள்.

கேள்வி: 2018 பெட்ரோல் கார். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்று வருகிறது. ஆக்சிஜன் சென்சாருக்கு அடியில் ஒரு நட்டு வைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார்களே?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அணையும். ஆனால் அந்த நட்டு சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைத்து ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். புகையில் உள்ள நச்சு வாயுக்களைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று வண்டி சந்தேகிப்பதுதான் பி0420. உடனே கன்வெர்ட்டரை மாற்றவும் ஓடாதீர்கள். சைலன்சர் கேஸ்கெட்டில் கசிவு இருந்தாலும் இந்த எண் வரும், அதை முதலில் பாருங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக், காயில். மிஸ்ஃபயர், அதாவது இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, இருந்தால், புது கன்வெர்ட்டர் போட்டாலும் எரியாத பெட்ரோல் அதையும் கெடுத்துவிடும். விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் வண்டியை ஓரம் கட்டி, பட்டறைக்குப் போன் செய்யுங்கள்.