ஐடி மேனேஜர் ஆக எந்த டிகிரி படிக்கலாம்? – கேள்வி பதில்

பிளஸ் டூ முடித்தவர்கள், டிகிரி கடைசி வருஷத்தில் இருப்பவர்கள், ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். தமிழ்நாட்டுச் சேர்க்கை முறையை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, கரூர்): அக்கா, டீமை நடத்துற வேலைதான் எனக்குப் பிடிக்கும். கோடிங் அவ்வளவா வராது. நேரா பிபிஏ, அப்புறம் எம்பிஏ சிஸ்டம்ஸ் படிச்சா ஐடி மேனேஜர் ஆக முடியுமா?

பதில்: முடியும்மா, ஆனால் அது சுற்று வழி. ஐடி கம்பெனிகளில் மேனேஜர் நாற்காலிக்குப் படிப்பை மட்டும் பார்த்து வெளியிலிருந்து ஆள் எடுப்பது அபூர்வம். டெவலப்பர் அல்லது சப்போர்ட் இன்ஜினியர், பிறகு டீம் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர் என்று உள்ளேயிருந்துதான் ஏறி வருகிறார்கள். பிபிஏ, எம்பிஏ முடித்து நேராக வருபவருக்குப் பெரும்பாலும் ப்ரீசேல்ஸ் (ஒப்பந்தம் பிடிக்க உதவுவது), பிசினஸ் அனலிஸ்ட் (கிளையன்டின் தேவையைக் கேட்டு எழுதித் தருவது) மாதிரி வேலைகள்தான் முதலில் கிடைக்கும். அவையும் நல்ல வேலைகளே. ஆனால் டெக்னிக்கல் டீமை நடத்தும் இடத்துக்கு அங்கிருந்து வர நாளாகும்.

ஏன் இப்படி என்றால், மாதத்தில் 99.9 சதவீத நேரம் சர்வர் ஓடும் என்று கிளையன்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள். 30 நாள் மாதத்தில் மொத்தமாக 43 நிமிஷம்தான் நிற்கலாம். ராத்திரி டேட்டாபேஸ் விழுந்துவிட்டது. "பேக்கப்பிலிருந்து எடுக்கிறோம்" என்கிறது டீம். அந்த பேக்கப் கடைசியாக எப்போது எடுத்தது? அதை ஒரு தடவையாவது ரீஸ்டோர் செய்து பார்த்திருக்கிறார்களா? இத்தனை ஜிபி திரும்ப ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதையெல்லாம் கேட்கத் தெரிந்தவர்தான் கிளையன்டிடம் தைரியமாக ஒரு நேரம் சொல்ல முடியும். இந்தக் கேள்விகள் டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் பாடங்களைப் படித்த ஆளுக்குத்தான் தானாக வரும்.

அதனால் முதல் டிகிரி கம்ப்யூட்டரில் இருக்கட்டும். மேனேஜ்மென்ட் படிப்பை வேலைக்குப் போன பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கோடிங் வராது என்று பிளஸ் டூவிலேயே முடிவு கட்டிவிடாதே. தினமும் எழுத வேண்டியதில்லை, அடுத்தவர் எழுதியதைப் பார்த்தால் புரிய வேண்டும். டெஸ்டிங், நெட்வொர்க், கிளவுட் சப்போர்ட் வழியாக மேனேஜர் ஆனவர்களும் நிறைய.

கேள்வி (மாணவனின் தாய், திருப்பூர்): மேடம், பையனுக்குக் கணக்கு 90, இயற்பியல் 80, வேதியியல் 84. கட்-ஆஃப் 172 வருது. சிஎஸ்இ, ஐடி, ஏஐ டேட்டா சயின்ஸ், பிசினஸ் சிஸ்டம்ஸ்னு ஏகப்பட்டது இருக்கு. எதை முதல்ல போடுறது?

பதில்: கட்-ஆஃப் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் (கணக்கு மார்க் முழுசாக, மற்ற இரண்டும் பாதியாக: 90 + 40 + 42). முதலில் ஒரு விஷயம்: நீங்கள் சொன்ன நான்கு பிரிவுக்குள் எது என்பதைவிட எந்தக் கல்லூரி என்பதுதான் முக்கியம். கேம்பஸுக்கு வரும் ஐடி கம்பெனிகள் இந்த நாலு பிரிவையும் பெரும்பாலும் ஒன்றாகவே உட்கார வைக்கின்றன. சுமாரான கல்லூரியில் சிஎஸ்இ கிடைக்கிறது, நல்ல கல்லூரியில் ஐடி கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் ஐடியை எடுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் என்ற பி.டெக்., டிசிஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பாடத்திட்டம் வகுத்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி உட்படப் பல இடங்களில் இருக்கிறது. கம்ப்யூட்டர் பாடங்களோடு நிதி, மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எல்லாம் வரும், மேனேஜ்மென்ட் பக்கம் போக நினைக்கும் பையனுக்குப் பொருத்தமானது. ஆனால் அதில் சேர்ந்தாலே டிசிஎஸ்ஸில் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கல்லூரியை எடைபோட விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், கல்லூரிக்கு இருப்பது வேறு. சிஎஸ்இ இடங்களைச் சட்டென்று கூட்டிய கல்லூரியில், 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி ஆள் இருக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "கிடைக்காது" என்று நினைத்து ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழேயும், "கண்டிப்பா கிடைக்கும்" என்பதை மேலேயும் போடுகிறார்கள். சிஸ்டம் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கீழே இருக்கும் நல்ல கல்லூரியை அது பார்க்கவே பார்க்காது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் ஆசை வரிசையிலேயே போடுங்கள். நம்பிக்கையான கல்லூரிகள் கடைசியில் இருக்கட்டும். ஒதுக்கீடு வந்ததும், இதை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன் என்ற தெரிவும் இருக்கிறது.

கேள்வி (அதே தாய்): சிலபஸைப் பார்த்துச் சேருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன், எனக்கு என்ன புரியும்?

பதில்: பாடத்தின் பெயர் புரிய வேண்டியதில்லை. கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எல், டி, பி, சி என்ற நாலு கட்டத்தில் எண் இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு, எத்தனை மணி டுடோரியல், எத்தனை மணி செய்முறை, கடைசியில் கிரெடிட். 3 0 2 4 என்றால் மூணு மணி வகுப்பு, இரண்டு மணி லேப், நாலு கிரெடிட். 3 0 0 3 என்றால் லேப் இல்லாத பாடம். மூணாவது, நாலாவது, ஐந்தாவது செமஸ்டர்களில் அந்த மூணாவது கட்டத்தை மட்டும் விரல் வைத்துக் கூட்டிப் பாருங்கள். இரண்டு கல்லூரியை அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரியும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்தைத் தாங்களே வகுப்பதால் அங்கே இந்த ஒப்பீடு மிகவும் உதவும். மற்ற இணைப்புக் கல்லூரிகளில் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம்தான் என்பதால் எண்கள் ஒன்றாகவே இருக்கும். அங்கே போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (பிசிஏ மூன்றாம் ஆண்டு, திருநெல்வேலி): அக்கா, அடுத்து எம்சிஏவா எம்பிஏவா? பிசிஏ படிச்சவங்களை மேனேஜர் ஆக்க மாட்டாங்கன்னு சீனியர் சொல்றார்.

பதில்: அது தவறு தம்பி. மேலே போகும்போது யாரும் பிசிஏவா பி.இ.யா என்று கேட்பதில்லை. வாசலில் நுழையும்போதுதான் வித்தியாசம்: பல கம்பெனிகளில் சம்பளமும் எடுக்கும் பிரிவும் வேறு. அதைச் சரிசெய்வது எம்சிஏ. இப்போது இரண்டே வருஷம். அதற்குத் தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுது. பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு படித்திருந்தால் நல்லது. கணக்கு கைவசம் இருந்தால், என்ஐடிகளின் எம்சிஏ நுழைவுத் தேர்வான நிம்செட்டும் எழுது. திருச்சி என்ஐடி அதன் வழியாகத்தான் எடுக்கிறது. அதற்கு டிகிரியில் 60 சதவீதம் வேண்டும், எஸ்சி எஸ்டி மாணவர்களுக்கு 55.

படிக்க வசதி இல்லையென்றால் விப்ரோவின் வில்ப் திட்டத்தைப் பார். பிசிஏ, பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிறார்கள். சேருமுன் எத்தனை மாதம் வேலையில் இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பக்கத்தை வரி விடாமல் படி.

எம்பிஏ இப்போது வேண்டாம். இன்னொன்று, அரியர் இருந்தால் இந்த செமஸ்டரிலேயே முடி. கேம்பஸ் வடிகட்டலில் நிறைய பேர் வெளியே போவது திறமைக் குறைவால் இல்லை, நிலுவை அரியராலும் 60 சதவீதத்துக்கு ஒன்றிரண்டு மார்க் குறைந்ததாலும்தான்.

கேள்வி (பி.எஸ்சி., 4 ஆண்டு சப்போர்ட் வேலை, சென்னை): டீம் லீட் ஆகிவிட்டேன் மேடம். வேலையை விட்டு எம்பிஏ படிப்பதா, தொலைதூரக் கல்வியா, பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜருக்கான சான்றிதழ்) போதுமா?

பதில்: மூன்றும் மூன்று வெவ்வேறு தேவைக்கு. இருக்கும் கம்பெனியிலேயே மேலே போக, அல்லது இதே துறையில் வேறு கம்பெனியில் மேனேஜராகச் சேர, சான்றிதழே போதும். சப்போர்ட்டில் இருக்கிறீர்கள், அதனால் முதலில் ஐடிஐஎல் 4 ஃபவுண்டேஷன் (ஐடி சேவைகளை நிர்வகிக்கும் முறைக்கான சான்றிதழ்): 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதன் பிறகு பிஎம்பி. இளநிலைப் பட்டம் உள்ளவருக்கு 36 மாத ப்ராஜெக்ட் அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். இங்கேதான் தடுக்குகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு ப்ராஜெக்ட் ஆறு மாதம் நடத்தினால் அது 12 மாதம் ஆகாது, 6 மாதம்தான். தினசரி டிக்கெட் (பதிவாகும் புகார், கோரிக்கை) மூடுவதும் ப்ராஜெக்டாகாது. ஆரம்பமும் முடிவும் உள்ள வேலை வேண்டும்: சர்வர் மாற்றம், புது டூலுக்கு நகர்வது, ஒரு கிளையன்டைப் புதிதாக ஏற்றுவது. இன்றிலிருந்தே ஒரு ஷீட்டில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, நீங்கள் எதை வழிநடத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

துறையையே மாற்ற நினைத்தால், உதாரணமாக ப்ராடக்ட் அல்லது கன்சல்டிங் பக்கம், முழுநேர எம்பிஏ பலன் தரும், அதுவும் நல்ல கல்லூரியாக இருந்தால் மட்டும். எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதிப் பாருங்கள். எதிர்பார்த்த பெர்சென்டைல் வராவிட்டால், பெயர் தெரியாத கல்லூரிக்காகச் சம்பளத்தை இரண்டு வருஷம் விடாதீர்கள்.

பதவி உயர்வுக்கு முதுநிலை வேண்டும் என்று உங்கள் எச்ஆர் சொன்னால் தொலைதூர அல்லது ஆன்லைன் எம்பிஏ எடுக்கலாம். நீங்கள் சேரும் ஆண்டுக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்பு யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். போன வருஷம் இருந்தது என்பது செல்லாது.

கேள்வி (பி.காம். முதலாண்டு, ஈரோடு): காமர்ஸ்ல இருந்து வர வழியே இல்லையா அண்ணி? (என் அண்ணிதான் இந்தப் பக்கத்தைக் காட்டினாங்க, அப்படியே கூப்பிட்டுட்டேன்.)

பதில்: தாராளமாகக் கூப்பிடுங்கள். உங்களுக்கு ஐடி ஆடிட், அதாவது நிறுவனங்களின் கம்ப்யூட்டர் சிஸ்டங்களைத் தணிக்கை செய்வது, பொருத்தமான வழி. வங்கிக்கும் ஆடிட் நிறுவனத்துக்கும் கணக்கும் சிஸ்டமும் சேர்ந்து தெரிந்த ஆள் வேண்டும். ஐடி ஆடிட்டருக்கான சிசா (CISA) சான்றிதழுக்கு ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும், அதில் மூன்றாண்டு வரை படிப்பைக் காட்டிக் குறைக்கலாம். தேர்வை முன்பே எழுதி வைக்கலாம். இப்போதே தொடங்க வேண்டுமென்றால், ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் டிகிரி இருக்கிறது. ஜேஇஇ வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க 2022 முதல் யுஜிசி அனுமதிக்கிறது. பத்தாம் வகுப்பு கணக்கைத் தூசி தட்டிவிட்டுச் சேருங்கள், அதில் முதலில் இடறுவது கணக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும்தான்.

கேள்வி (டிப்ளமா, ஓசூர்): அக்கா, டிப்ளமாவோட நிறுத்திக்கலாமா?

பதில்: வேண்டாம். நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேரலாம். வேலையை விட முடியாது என்றால் பகுதிநேர பி.இ. இருக்கிறது. தபால் வழி பி.இ. என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், பொறியியல் பட்டத்தைத் தொலைதூர முறையில் தர அனுமதி இல்லை.

கேள்வி (அரசுப் பள்ளி மாணவன், தருமபுரி): எங்க வீட்ல நான்தான் முதல்ல காலேஜ் போகப் போறேன். ஃபீஸ் எவ்வளவு ஆகும் அக்கா?

பதில்: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குள் நீ வருவாய். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்ய மறக்காதே, பள்ளியிலிருந்து படிப்புச் சான்றும் வாங்கி வை. பொதுப் பிரிவில் இடம் கிடைத்தால் முதல் பட்டதாரி சலுகை படிப்புக் கட்டணத்தைக் குறைக்கும். அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணன், அக்கா விவரம் எல்லாம் விசாரித்துத்தான் தாசில்தார் அலுவலகம் தரும், நாளாகும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே போய் எழுதிக் கொடு.