பென்சில்வேனியாவில் லிமிடெட் டார்ட்டா, ஃபுல் டார்ட்டா?

டெக்சாஸிலிருந்து பிட்ஸ்பர்க்குக்கு வந்திருக்கிறீர்கள், கார் இன்சூரன்ஸில் லிமிடெட் டார்ட் (விபத்தில் பட்ட வலி, வேதனைக்கு இழப்பீடு கேட்கும் உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது; ஃபுல் டார்ட்டில் அந்த உரிமை முழுதாக இருக்கும்) எடுத்தால் பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் சொல்கிறார், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள். நான் எடுத்துப் பட்டவன்.

வந்த புதிதில் ஆறு மாதத்துக்கு 90 டாலர் மிச்சம் என்றதும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வருடம் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, ஸ்குவிரல் ஹில் சுரங்கப்பாதைக்கு முன்னால் எல்லோரும் பிரேக் போடுவார்களே, அங்கே பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். முழுக்க அவர் தப்பு. என் மனைவிக்குக் கழுத்தில் அடி. எலும்பு முறிவு இல்லை, ஆனால் எட்டு மாதம் ஃபிசியோதெரபி, இரவில் தூக்கமில்லை, கைக்குழந்தையைத் தூக்க முடியவில்லை. மருத்துவச் செலவை எங்கள் இன்சூரன்ஸே பார்த்துக்கொண்டது, போன சம்பளமும் கிடைத்தது. அந்த எட்டு மாத வேதனைக்கு மட்டும் ஒரு டாலர்கூட இல்லை. கையெழுத்துப் போட்டது நான், வலி அனுபவித்தது அவள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இந்தத் தேர்வு 1990 சட்டத் திருத்தத்தோடு வந்தது. லிமிடெட் என்றால் மருத்துவச் செலவு, சம்பள இழப்பு போன்ற பண நஷ்டத்தைக் கேட்கலாம், ஆனால் 'பெயின் அண்ட் சஃபரிங்' என்கிற வலி, வேதனைக்கான இழப்பீட்டைக் கேட்க முடியாது. மரணம், உடல் இயக்கத்தில் கடுமையான பாதிப்பு, நிரந்தரமான மோசமான உருச்சிதைவு இருந்தால்தான் விலக்கு. கழுத்து வலி, முதுகு வலியையெல்லாம் 'கடுமையானது' என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இடித்தவர் குடித்து ஓட்டித் தண்டனை பெற்றாலோ, அவர் வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதாக இருந்தாலோ, அவருக்கு இன்சூரன்ஸே இல்லை என்றாலோ லிமிடெட் எடுத்தவருக்கும் முழு உரிமை உண்டு. ஆனால் யார் வந்து இடிப்பார் என்று நாமா முடிவு செய்கிறோம்?

இன்னொன்று, நீங்கள் போடும் கையெழுத்து உங்களை மட்டும் கட்டாது. தனி பாலிசி இல்லாத மனைவியையும், உங்கள் வீட்டில் இருக்கும் மைனர் பிள்ளைகளையும் சேர்த்தே கட்டும். அதனால் வீட்டில் பேசிவிட்டுப் போடுங்கள். வண்டிக்கு ஆகும் சேதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

அப்புறம், ஃபுல் டார்ட் எடுத்துவிட்டால் மட்டும் போதாது. இந்த மாநிலத்தில் ஒருவர் தன்னால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்காகக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய கவரேஜ் ஒரு நபருக்கு வெறும் 15,000 டாலர்தான். எதிரில் இருப்பவர் அதை மட்டும் வைத்திருந்தால் உங்களுக்கு உரிமை இருந்தும் வாங்கப் பணம் இருக்காது. அதற்குத்தான் அன்இன்சூர்ட், அன்டர்இன்சூர்ட் மோட்டாரிஸ்ட் கவரேஜ், அதாவது இடித்தவருக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலோ போதாவிட்டாலோ நம் பாலிசியே நமக்குக் கொடுப்பது. கட்டாயமில்லை என்பதால் பலர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பணம் நெருக்கடியென்றால் பழைய காருக்கான கொலிஷனை (மோதலில் நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான கவரேஜ்) நீக்கிவிடுங்கள், அல்லது டிடக்டிபிளை (சேதத்தில் முதலில் நாம் கையிலிருந்து கட்டும் தொகை) ஏற்றுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

சரி, ஏற்கெனவே லிமிடெட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இன்றே ஏஜென்ட்டை அழைத்து மாற்றச் சொல்லலாம். மாற்றிய பிறகு நடக்கும் விபத்துக்குத்தான் அது செல்லும், நாங்கள் மாற்றியது இடி வாங்கிய மறுவாரம்.