வேலியோரத்து ஊதாப்பூ: வாசகர் கேள்வி பதில்

ஊட்டிப் பூங்காவில் லூபின் பூச்செடி பார்த்தேன். அதே சாடையில் ஒரு ஊதாப்பூச் செடி எங்கள் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியோரம் மழைக்குப் பிறகு முளைக்கிறது. இரண்டும் ஒன்றா? வீட்டில் வளர்க்கலாமா?
*– வாசகி, தாராபுரம்*

ஒன்றல்ல, தூரத்துச் சொந்தம். இரண்டும் அவரைக் குடும்பம். லூபினுக்கு விரித்த கைபோல ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும். குளிர் வேண்டும், நம் வெயிலில் வதங்கிவிடும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கிலுகிலுப்பை. அகன்ற ஒற்றை இலை, பட்டை தீட்டியதுபோல் கோணங்கள் உள்ள தண்டு, இலையடியில் பிறைபோல் இரண்டு குட்டி இலைகள், உப்பிய காய் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முற்றிய காயை ஆட்டினால் விதை கிலுகிலுக்கும்.

வளர்ப்பதில் சிக்கல் முளைப்பில்தான். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதி மண்ணுக்குள்ளேயே தூங்கும். மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பியதை மட்டும் விதையுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கலாம். புரட்டாசி மழையில் ஒன்றரை அடிக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. செவ்வல் மண் உத்தமம். கரிசலில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

யூரியா வேண்டவே வேண்டாம். போட்டால் இலைதான் தழைக்கும், பூ வராது. வேர்முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைச் செடியே தேடிக்கொள்கிறது. கறுப்பு, வெள்ளைப் பட்டையும் ஆரஞ்சுப் புள்ளியும் உள்ள புழு காயைக் குடையும். கையால் பொறுக்கினால் போதும், மருந்து எதற்கு?

ஒன்றில் மட்டும் கவனம். செடியில், குறிப்பாக விதையில், உள்ள நச்சு ஆடுமாடுகளின் ஈரலைக் கெடுக்கும். பட்டியருகே, தீவனச் சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் விதைக்காதீர்கள். காய்ந்த செடியை உடனே பிடுங்கவும் வேண்டாம்: நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் அந்த நச்சை உறிஞ்ச மொய்க்கும். பெண்பூச்சியைக் கவரும் மணத்துக்கு அதுதான் மூலப்பொருள்.

இதையே சணப்புக்குப் பதிலாகப் பசுந்தாள் உரமாக மடக்கி உழலாமா?
*– வாசகர், கரூர்*

வேண்டாம். முளைப்பு ஒரே சீராக வராது. தூங்கும் விதை அடுத்த வெள்ளாமையில் களையாகத் தலைகாட்டும். சணப்பு இதன் நெருங்கிய உறவு: நீண்டு ஒடுங்கிய இலை, மஞ்சள் பூ. ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதைத்து, பூவெடுக்கும்போது, அதாவது 45 நாள் வாக்கில், மடக்கி உழுங்கள். தாமதித்தால் தண்டு நாராகி மக்காது.