நிஷி-கசாய்ல வீடு பாக்குற தம்பிக்கு

தம்பி, டோக்கியோல நம்ம இந்தியாக்காரங்க நிறைய பேர் இருக்குற நிஷி-கசாய்ல வீடு எடுக்கலாமா, அங்க வயசானவங்க அடிக்கடி "கசாய்-முரா"ன்னு பேசிக்கிறாங்களே அது என்னன்னு கேட்டிருந்தீங்க. வீடு தாராளமா எடுங்க. ஸ்டேஷன்ல இருந்து கொஞ்சம் தெற்க நடந்தா செய்ஷின்-சோ, அங்க யூஆர்ங்குற அரசு சார்ந்த வீட்டு வசதி நிறுவனத்தோட அபார்ட்மென்ட் கிடைச்சா விடாதீங்க, கீ மணின்னு ஓனருக்குக் குடுத்தா திரும்ப வராத பணம் கிடையாது, கேரண்டி போட ஆள் தேட வேண்டாம், நம்ம ஆளுங்க அங்க நிறைய பேர் இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

முரான்னா கிராமம். 1889ல உருவான கசாய் கிராமத்த 1932 அக்டோபர் 1ல டோக்கியோ சிட்டி சேத்துக்கிச்சு. அன்னைக்கு ஒரே நாள்ல சுத்துப்பட்டுல இருந்த 82 ஊரு சிட்டிக்குள்ள போச்சு, அதுல கசாயோட சேத்து ஏழு ஊரு தான் இப்போ நாம வரி கட்டுற எதொகாவா வார்டு. ஆனா மாறினது பேர் மட்டும் தான், அதுக்கப்புறமும் பல வருஷம் நெல்லு வயல், தாமரைக் கிழங்கு போட்ட சேத்து வயல், கடல்ல நோரின்னு தான் ஜனங்க பொழச்சாங்க. நோரி நம்ம சுஷில சுத்தி வர்ற கடல்பாசி தான். நான் வந்த புதுசுல என் வீட்டு ஓனர் பாட்டி சொல்லுவாங்க, குளிர்காலத்துல தான் அறுப்பு, விடியறதுக்கு முன்னாடி ஐஸ் மாதிரி தண்ணில கைய விட்டு அலசி, பாய்ல மெல்லிசா ஊத்தி வெயில்ல காய வைக்கணும்னு. சொல்லும்போதே விரலத் தேச்சு விட்டுக்குவாங்க.

அப்புறம் ஃபாக்டரிங்க வந்துச்சு. 1958ல எதொகாவா ஆத்துல ஒரு பேப்பர் மில் விட்ட கறுப்புத் தண்ணியால மீன் செத்து, பக்கத்து உராயசு மீனவங்க மில்லுக்குள்ளயே புகுந்துட்டாங்க, போலீஸோட பெரிய மோதல், அந்த வருஷமே தண்ணி மாசுக்கு சட்டம் வந்துச்சு. இருந்தும் 1962ல கசாய்க்காரங்க மீன்பிடி உரிமைய விட்டுக் கொடுத்துட்டாங்க. அத நெனச்சா எனக்கு இன்னைக்கும் மனசு கனக்கும். இதுல இன்னொரு கொடுமை, நிலத்தடி தண்ணியும் கேஸும் உறிஞ்சி உறிஞ்சி தரையே இறங்கிப் போய், பட்டா வச்சிருந்தவங்க நிலம் கடலுக்குள்ள போயிடுச்சு. 1972ல ஆரம்பிச்சு அந்தக் கடல மண்ணு போட்டு மேடாக்கினது தான் செய்ஷின்-சோ பக்கமெல்லாம்.

தோசாய் லைன் ட்ரெயின் 1969ல வந்துச்சு, நிஷி-கசாய் ஸ்டேஷன் 1979ல தான். டோக்கியோ நடுவுல ஆபீஸுங்க நிறைஞ்ச ஓதெமாச்சிக்கு நேர் ட்ரெயின் இருக்கவே ஒய்2கே, அதாவது 2000ம் வருஷத் தேதிய கம்ப்யூட்டர்ல சரி பண்ற வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க 2000 வாக்குல இங்க இறங்கினாங்க. அதனால நாம வந்து தான் இந்த ஊரு உருவாச்சுங்குற மாதிரி யாராவது பேசினா நம்பாதீங்க தம்பி.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா பண்ணுங்க. வார்டு ஆபீஸ்ல வெள்ள ஆபத்து எங்க எவ்வளவுன்னு காட்டுற ஹசார்ட் மேப்ப வாங்கிப் பாருங்க, 2019ல போட்டதுல அட்டைலயே "இங்க இருக்கக்கூடாது"ன்னு அச்சடிச்சிருந்தாங்க, வார்டுல முக்கால்வாசிக்கு கிட்ட, கடல் ஏறி நிக்கிற நேரத்து தண்ணி மட்டத்துக்கு கீழ தான் இருக்கு. முடிஞ்சா மேல் மாடியா பாருங்க, பெரிய புயல்னு சொன்னா முந்தின நாளே வேற ஊர்ல இருக்குற ஃப்ரெண்டு வீட்டுக்கு கிளம்பிடுங்க. குடி போனதும் பக்கத்து வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவ நோரி பத்திக் கேளுங்க, உங்க ஜாப்பனீஸ் தத்துபித்துன்னு இருந்தாலும் பரவால்ல, அவங்க உக்கார வச்சு சொல்லுவாங்க.