பழைய விண்டோஸ் 7 கணினியில் இருக்கும் லைசென்ஸ் கீகளை விண்டோஸ் 11-க்குக் கொண்டுபோக முடியுமா?

விண்டோஸ் 7 கணினியை விட்டுவிட்டு விண்டோஸ் 11-க்கு மாறுகிறேன், காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ், ஆபீஸ் 2010, டேலி, போட்டோஷாப் எல்லாவற்றின் கீகளும் புதியதில் செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில செல்லும், சில செல்லாது. எதுவாக இருந்தாலும், பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். ஃபார்மட் செய்து எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு, அப்புறம் கீயைத் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

முதலில் விண்டோஸ். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டுக்கே உரியது, வேறு கணினிக்குப் போகாது. தனிப் பெட்டியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை மாற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும். கட்டளைத் திரையில் (கமாண்ட் ப்ராம்ப்ட்) slmgr /dli என்று டைப் செய்தால் உங்களுடையது எந்த வகை என்று காட்டிவிடும். ஆனால் ரீடெய்லாகவே இருந்தாலும் விண்டோஸ் 7 கீயை வைத்து விண்டோஸ் 11-ஐ ஆக்டிவேட் செய்யும் வழி இப்போது இல்லை. விண்டோஸ் 7-இலிருந்து 10-க்குப் போகும் இலவச மேம்படுத்தல் 2016 ஜூலை 29-இல் முடிந்ததாக அறிவித்த பிறகும் பழைய கீகள் பல வருடம் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதையும் மூடிவிட்டது. புதிய லேப்டாப் விண்டோஸோடு வாங்கினால் கவலையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து கீ மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது, எதையும் டைப் செய்ய வேண்டியதில்லை.

ஆபீஸ் 2010-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். டிவிடியோடு பெட்டியில் வந்ததா, கீ மட்டும் அச்சடித்த அட்டையாக வந்ததா? அட்டையில் வந்தது ஒரே கணினிக்கானது, முறைப்படி மாற்ற முடியாது. பெட்டியில் வந்ததை மாற்றலாம். பெட்டி தொலைந்துவிட்டாலும், முழுக் கீயும் பழைய கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கும். நிர்சாஃப்ட் என்ற தளம் தரும் புரோடுகீ (ProduKey) என்ற இலவசக் கருவி அதைப் படித்துக் காட்டும். (ஆன்டிவைரஸ் கத்தலாம், அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.) ஆபீஸ் 2013-லிருந்து இந்த வழி உதவாது, அதில் கீயின் கடைசி 5 எழுத்துகள் மட்டுமே கணினியில் இருக்கும். அப்புறம், புதிய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருக்காது. டிவிடியைப் பழைய கணினியிலேயே போட்டுப் பென்டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். ஆபீஸ் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, பாதுகாப்பு அப்டேட் வராது. வெளியிலிருந்து வரும் கோப்புகளை அதில் திறக்காமல் இருப்பது நல்லது.

டேலிதான் எனக்குப் பெரிய கவலை, வியாபாரத்தின் கணக்கு முழுக்க அதில் இருக்கிறது. பழைய கணினியில் டேலியைத் திறந்து, லைசென்ஸ் பகுதியில் "சரண்டர்" கொடுங்கள். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். சரண்டர் ஆன பிறகுதான் புதியதில் அதே லைசென்ஸை ரீஆக்டிவேட் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: ரீஆக்டிவேட் செய்யத் தேவையான அன்லாக் கீ, பதிவு செய்த மெயில் முகவரிக்குத்தான் போகும். வாங்கும்போது கொடுத்தது முன்பு இருந்த அக்கவுண்டன்டின் முகவரியாகவோ, டேலி போட்டுக்கொடுத்தவரின் முகவரியாகவோ இருக்கலாம். அந்த மெயிலை உங்களால் திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே சரண்டரைத் தொடுங்கள். அதற்கும் முன்னால், டேட்டா ஃபோல்டரை நகலெடுத்து வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

போட்டோஷாப் சிஎஸ் வரிசை என்றால் ஹெல்ப் மெனுவில் "டீஆக்டிவேட்" இருக்கும். ஒரு சீரியலை இரண்டு கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம். டீஆக்டிவேட் செய்யாமல் ஃபார்மட் செய்தால், அதில் ஒரு இடம் செத்த கணினியிடமே போய்விடும். ஆனால் ஆக்டிவேஷனுக்குப் பதில் சொல்ல அந்தப் பக்கம் சர்வர் வேண்டும். அடோபி சிஎஸ்2-க்கான சர்வரை நிறுத்தியபோது, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவையில்லாத பதிப்பு ஒன்றை வெளியிட்டது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யாது. காசு வாங்கிக்கொண்டு விற்ற மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த வழி செய்வது விற்றவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

கீ சரியாக இருந்தும் மென்பொருளே நிறுவ மறுப்பதும் உண்டு. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது, அதில் 16-பிட் புரோகிராம்கள் (டாஸ், விண்டோஸ் 3.1 காலத்துப் பழையவை) ஓடாது. பிரின்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் (லைசென்ஸை உறுதிசெய்யும் சின்னக் கருவி) கேட்கும் பழைய மென்பொருளுக்குப் புதிய கணினியில் போர்ட்டே இருக்காது. இப்படி ஏதாவது இருந்தால் பழைய கணினியை விற்காதீர்கள். இணையத்திலிருந்து துண்டித்து, அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஹார்டு டிஸ்க்குக்கு முழு நகல் ஒன்று இப்போதே எடுத்துவிடுங்கள்.